இடத்தானும் வலத்தானும்

முன்னொரு சமயம் தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கமாக இருந்த ஒரு தெருவில், ஒரு அக்காவும் தம்பியும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

அக்கா பிலோமினா, முந்திரி மக்ரூன் இனிப்பு விற்கும் கடை ஒன்றில் மேற்பார்வை பார்த்தாள். தம்பி கஸ்பாருக்குத் துறைமுகத்துக்கு அருகே, சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. கடைசிப் பெண் திரேசா ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பங்களை வடிவமைத்தாள். மூவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பிலோமினா ஒரு பதில் சொல்வாள். அதைக் கேட்டவர்கள் அப்புறம் அந்தப் பக்கம் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

வீட்டில் ஹால் ஒன்றுதான் பெரியது. சாப்பாடு, துணி மடிப்பு, ஜெபம், சண்டை எல்லாம் அங்கேதான். அந்த ஹாலுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்குவது என்று முடிவானது.

"வயலின் வாசிச்சா வில் கம்பியில உரசுறது கேக்கணும்" என்றான் கஸ்பார்.

"கறுப்பா ரெண்டு பெட்டியைக் கொண்டாந்து நடுஹால்ல வச்சிராதே அண்ணே. பார்க்க லட்சணமா இருக்கணும்" என்றாள் திரேசா.

"விலை கொறச்சலா இருக்கணும்" என்றாள் பிலோமினா. "நான் பாடிக்கிட்டே வேலை செய்யுதவ. எனக்கு எதுக்கு இந்தப் பெட்டி?"

சத்தம், அழகு, விலை. மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்து வருவது அபூர்வம். அவர்கள் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் இரண்டு இருந்தால் ஒன்று இல்லை. கடைசியில் பழைய மின்சாதனங்களை வாங்கி விற்கும் ஒரு கடைக்குப் போனார்கள்.

கடையின் அலமாரியிலும் தரையிலும் பலவகை ஸ்பீக்கர்கள் இருந்தன. ஆட்கள் உள்ளே வந்ததும் அவை தங்களுக்குள் பேசத் தொடங்கின.

"என்னைத்தான் எடுப்பார்கள்" என்றது ஆளுயரக் கறுப்பு ஸ்பீக்கர். "நான் பேசினால் ஜன்னல் அதிரும்."

"அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாயா? உன்னைப் பார்த்ததுமே சுளித்துவிட்டாள்" என்றது ஒரு சாம்பல் நிற ஸ்பீக்கர். அது பார்க்கச் சுமார்தான். மூலை உடைந்து, பசைநாடா ஒட்டப்பட்டிருந்தது. "எனக்கும் வாய்ப்பில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி வாசிப்பேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அப்போது திரேசா மேல் தட்டைப் பார்த்து, "அதோ, அது!" என்றாள்.

பளபளவென்று தேய்த்த மரத்தில், சந்தன நிறத் துணி முகத்தோடு, ஒரு ஜோடி அங்கே உட்கார்ந்திருந்தது. சன்னமான பித்தளைக் கால்கள். விளிம்புகள் எல்லாம் வளைந்து, கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்படி இருந்தன. ஒன்றுக்கு இடத்தான் என்று பெயர், இன்னொன்றுக்கு வலத்தான்.

கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டார். கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டான். வில் உரசியது கேட்டது. வாசித்தவர் மூச்சு இழுத்ததும் கேட்டது.

"விலை என்ன?" என்றாள் பிலோமினா.

கடைக்காரர் சொன்னதும் அவள் நம்பவில்லை. "எதுக்கு இவ்வளவு கொறச்சலா குடுக்கீங்க? பழுதா?"

"பழுதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வாங்கிட்டுப் போன வீட்டுக்காரங்க அவங்களாவே திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டுப் போனாங்க. ஏன்னு எத்தனை தடவை கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல."

சாம்பல் நிற ஸ்பீக்கர் தன்னால் முடிந்த மட்டும் கத்தியது. "வேண்டாம்! அவை கொடுப்பவை அல்ல, எடுப்பவை!"

மனிதர்கள் காதில் அது 'கர்ர்ர்' என்றுதான் விழுந்தது. கடைக்காரர் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

*

ஹாலில் ஆளுக்கொரு மூலையில் இரண்டும் உட்கார்ந்தன. வீட்டுக்கே ஒரு களை வந்தது. திரேசா தள்ளி நின்று பார்த்தாள், கிட்டே போய்ப் பார்த்தாள், சோபா உறையை மாற்றிவிட்டு மறுபடி பார்த்தாள். பிலோமினாகூட, "கோயில் பீடத்துக்குப் பக்கத்துல வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

வீட்டில் யாரும் இல்லாத பகல் பொழுதில் இடத்தான் சுற்றுமுற்றும் பார்த்தது.

"சத்தம் அதிகமான வீடு" என்றது.

"ஆமாம்" என்றது வலத்தான். "ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ளலாம். அவசரம் ஒன்றுமில்லை."

ஜன்னலுக்கு அது பிடிக்கவில்லை. "யார் நீங்கள்? எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? நான் இந்த வீட்டுக்குக் கடல்காற்றும் மீன்காரியின் கூவலும் கொண்டுவந்து கொடுப்பவன்."

"உன்னைத்தான் முதலில்" என்றது இடத்தான், மிகவும் மரியாதையாக.

அன்று சாயங்காலம் கஸ்பார் பாட்டுப் போட்டபோது, ஜன்னல் திறந்திருந்த வரையில் பாட்டு மங்கலாகவே கேட்டது. சாத்தியதும் தேன் மாதிரி ஆனது. ஜன்னல் அதற்குப் பிறகு திறக்கப்படவில்லை.

அடுத்தது மின்விசிறி. சுற்றும்போது கிறீச் கிறீச்சென்று புலம்புவது அதன் வழக்கம். "என் புலம்பலைக் கேட்டுத்தானே இவர்கள் தூங்குகிறார்கள்!" என்று அது வாதாடிப் பார்த்தது. கஸ்பார் நாற்காலி மேல் ஏறி எண்ணெய் விட்டான். புலம்பல் நின்றது. சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் பாட்டின் தாளத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று திரேசாவே அதன் பேட்டரியைக் கழற்றினாள். கழற்றும்போது அது, "அடுத்து நீதான் பெண்ணே" என்றது. அவள் காதில் கடைசி டிக் மட்டும் விழுந்தது.

வீடு அமைதியானது. அந்த அமைதியில் ஸ்பீக்கர்களின் குரல் முன்பைவிடச் செழிப்பாக இருந்தது. பாட்டுக்கு அடியில் எங்கோ கடல்காற்று வீசுவது போலவும், கிறீச்சென்று ஏதோ சுற்றுவது போலவும் ஒரு நயம் சேர்ந்திருந்தது. கஸ்பார் அதைக் கவனித்து, "பழகப் பழகச் சத்தம் நல்லா வருது பாத்தியா?" என்று சந்தோஷப்பட்டான்.

"இன்னும் மூன்று சத்தங்கள் இருக்கின்றன" என்றது இடத்தான்.

"அவற்றுக்கு வேறு வழி" என்றது வலத்தான்.

*

மறுநாளிலிருந்து, ஹாலில் யாராவது வாயைத் திறந்தால் பாட்டு தானாகத் தணிந்தது. நல்ல குடும்பத்து விருந்தாளி ஒருவர் தன் பேச்சை நிறுத்திவிட்டு, 'நீங்க சொல்லுங்க' என்று காத்திருப்பது போல இருந்தது அது. பேச வந்தவருக்குக் கூச்சமாகிவிடும். புளி தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்காக இவ்வளவு நல்ல பாட்டை நிறுத்துவதா? சொல்ல வந்ததைச் சுருக்கிக்கொண்டார்கள். பிறகு சைகையில் காட்டினார்கள். பிலோமினா பாடியபடி பாத்திரம் துலக்கினால் ஹாலில் பாட்டு தணிந்து தணிந்து எழுந்தது. அவள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள். அப்புறம் முணுமுணுத்தாள். அப்புறம் அதுவும் இல்லை.

ஒருநாள் திரேசா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, ஹாலில் இருந்து கஸ்பாரின் குரல் கேட்டது.

"வந்துட்டியா திரேசா? களைச்சுப்போய் வந்திருப்பே. உக்காரு, காப்பி போட்டுத் தாரேன்."

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கஸ்பார் அண்ணன் காப்பி போட்டுத் தருவதாவது! உள்ளே போனாள். கஸ்பார் சோபாவில் உட்கார்ந்து வாய் நிறைய மிக்சர் மென்றுகொண்டிருந்தான்.

"நீயா பேசினே?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். கை, மூலையில் இருந்த இடத்தானைக் காட்டியது. பாட்டு எதுவும் ஓடவில்லை. வயர்கூடச் சுவரில் சொருகப்படாமல் தரையில் கிடந்தது.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து பிலோமினா வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டாள். "பேயைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கோம்! ஏலே கஸ்பார், ரெண்டையும் தூக்கி வெளியே போடு!"

கஸ்பார் எழுந்தான். அப்போது இடத்தான் கஸ்பாரின் குரலிலேயே மெதுவாகப் பேசியது.

"அக்கா. உன் கழுத்துச் செயினை வித்துத்தான் நான் காலேஜ் படிச்சேன். அதுக்கப்புறம் நீ நகையே போட்டுக்கிடல. நான் ஒருநாளும் அதைப் பத்திப் பேசல. பேசினா அழுதிருவேன்னு பயம். அதான் எரிஞ்சு விழுந்துகிட்டே இருந்துட்டேன்."

பிலோமினா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கஸ்பாரைப் பார்த்தாள். அவன் உதடு அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"உண்மையாவாலே?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "நான் சொல்லணும்னு நெனச்சதுதான்" என்று சொல்லப் பார்த்தான். பாதிதான் வெளியே வந்தது. மீதியை இடத்தான் சொல்லி முடித்தது, அவனைவிடத் தெளிவாக.

அன்று அவர்கள் ஸ்பீக்கர்களை வெளியே போடவில்லை.

அதற்கப்புறம் ஹாலில் மூன்று குரல்களும் இரண்டு பெட்டிகளிலிருந்தே வந்தன. யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பிலோமினாவின் குரல் திரேசாவின் உடைகளைப் பாராட்டியது. திரேசாவின் குரல் அண்ணனின் ஆபீஸ் விஷயங்களைப் பொறுமையாக விசாரித்தது. முன்பெல்லாம் மீன் குழம்பில் உப்புக்கும் குளியலறை முறைக்கும் நடந்த சண்டைகளை நினைத்தால் மூவருக்கும் வெட்கமாக இருந்தது. சாயங்காலம் ஆனதும் வந்து வரிசையாக உட்கார்ந்து, தாங்கள் பேசுவதைத் தாங்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளியில் அவர்களுடைய குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. மக்ரூன் கடைப் பெண்கள் பிலோமினா சொல்வதைக் கேட்க அவள் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கோயில் பாடகர் குழுவில் அவள் வாயை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்தும் ஒன்றும் வரவில்லை.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கஸ்பாரும் திரேசாவும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். துணி துவைக்கப் பிலோமினா பின்பக்கம் போயிருந்தாள்.

பெட்டிகள் பேசிக்கொண்டிருந்தன.

"இன்னைக்கு நெத்திலி ரொம்ப நல்லா இருந்துச்சு அக்கா" என்றது கஸ்பாரின் குரல்.

"உங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்" என்றது பிலோமினாவின் குரல்.

திரேசா சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் சோபாவிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது. பேச்சு நீண்டது. அவளுக்கு ஏதோ உறுத்தியது. துணி அடிக்கும் சத்தம் வரவில்லையே?

தொண்டையைச் செருமிச் செருமி, கிடைத்த குரலில் கூப்பிட்டாள். "அக்கா? எங்க இருக்கே?"

"இங்கதான் இருக்கேன் தங்கம்" என்றது வலத்தான்.

பிறந்ததிலிருந்து இன்றுவரை பிலோமினா திரேசாவைத் தங்கம் என்று அழைத்ததில்லை. ஏட்டி என்பாள். கோபத்தில் எருமை என்பாள். காய்ச்சலில் கிடந்தவளுக்கு இரவெல்லாம் கண் விழித்துத் தலையைப் பிடித்துவிட்டபோதும் 'எருமை, மருந்தைக் குடி' என்றுதான் சொன்னாள்.

திரேசா எழுந்தாள்.

"எங்க போறே? உக்காரு தங்கம்."

அவள் நடந்தாள்.

"அக்கா நல்லாத்தான் இருக்கா. நீ உக்காரு" என்றது கஸ்பாரின் குரல், இடது மூலையிலிருந்து. சோபாவில் இருந்த கஸ்பார் வாயை மூடியபடி அவளையே பார்த்தான். குரல் உட்காரச் சொன்னது. கண் போகச் சொன்னது.

திரேசா ஓடினாள்.

பின்பக்கம் துவைக்கும் கல்லருகே பிலோமினா விழுந்து கிடந்தாள். இடுப்பு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கையில் இருந்த சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. எவ்வளவு நேரமாக அப்படிக் கத்திக்கொண்டிருந்தாளோ தெரியாது. அந்த வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

ஹாலில் அவளுடைய குரல் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தது: "எனக்கு என்ன குறை? நீங்க ரெண்டு பேரும் இருக்கும்போது."

*

ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பைச் சேர்த்து வைத்தார்கள். தொண்டையைப் பார்த்த டாக்டர் அதில் ஒரு குறையும் இல்லை என்றார். வீட்டிலிருந்து தள்ளி, அந்த இரைச்சலான பொது வார்டில் படுத்திருந்தபோது பிலோமினாவுக்குக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பழைய குரல் அல்ல. கரகரவென்று, நடுவில் நடுவில் அறுந்துபோகிற ஒரு குரல். அதை வைத்துப் பாட முடியாது. தண்ணீர் கேட்கலாம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே அவள் சொன்னாள். "உடைச்சிரு."

கஸ்பார் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனான். பெட்டிகள் அவனைப் பார்த்து ஒன்றும் கெஞ்சவில்லை. வலத்தான் பாட ஆரம்பித்தது. பிலோமினா முன்பெல்லாம் பாத்திரம் துலக்கும்போது பாடுகிற மாதாப் பாட்டு. அவள் குரலேதான். சுருதி மேலே போகும்போது சற்றே நடுங்குவதுகூட அப்படியே இருந்தது.

கஸ்பாரின் கை இறங்கவில்லை.

"அண்ணே, நில்லு" என்றாள் திரேசா. "அக்கா குரல் இனிமே அதுக்குள்ள மட்டும்தானே இருக்கு."

"உடைலே" என்றாள் பிலோமினா, சுவரைப் பிடித்துக்கொண்டு. "என் குரல்னா எனக்குத்தானே தெரியும். அது நான் இல்ல. உடை."

அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். "உடைக்க மனசு வரல அக்கா. வெளியே வச்சிருதேன். சாயங்காலம் பழைய சாமான் வண்டி வரும், ஏத்தி விட்டிருதேன்."

"நீ அதுக்குப் பாவம் பாக்கே" என்றாள் பிலோமினா. பிறகு கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டையும் தூக்கி வாசலில் வைத்தான். நல்ல வெயில். மரமும் பித்தளையும் மின்னின. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

எதிர்வீட்டு மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த ஜாக்குலினும் அவள் கணவன் புஷ்பராஜும் படியிறங்கி வந்தார்கள். அந்த இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போடுவது தெருவுக்கே தெரியும்.

"அண்ணே, இதைப் போடப் போறீங்களா? எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் ஜாக்குலின்.

கஸ்பார் உள்ளதைச் சொன்னான். தொண்டை எரிய எரிய, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். பெட்டி எப்படிப் பேசியது, என்ன எடுத்துக்கொண்டது, அக்கா எப்படிக் கிடந்தாள் எல்லாவற்றையும் சொன்னான்.

அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெகுநாளைக்குப் பிறகு பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"நாங்க வாயைத் திறந்தாலே அடிதடிதான் அண்ணே" என்றான் புஷ்பராஜ். "அதுங்களாவது நல்லவிதமாப் பேசட்டுமே."

ஆளுக்கொன்றாக, குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துத் தூக்கினார்கள்.

"வேண்டாம்மா! சொன்னாக் கேளுங்க! கீழ வைங்க!" என்று கஸ்பார் கத்தினான். வாசலிலிருந்து திரேசாவும் கத்தினாள். கட்டிலில் இருந்தபடியே பிலோமினாவும் கத்தினாள். மூன்று குரலும் கிழிந்த துணி போல இருந்தன. தெருவைத் தாண்டும்போதே தேய்ந்துபோயின.

ஜாக்குலினின் கைகளுக்குள்ளிருந்து கஸ்பாரின் குரல் தெளிவாக, கனிவாக எழுந்தது.

"தாராளமாக் கொண்டு போங்கம்மா. எங்களுக்குச் சந்தோஷம்தான்."

மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த இருவரும் நின்றார்கள். கஸ்பாரின் இரண்டு குரல்களில் எது இனிமையாக இருந்ததோ, அதற்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.